சோறு கட்டினோம், தாள் கட்டினோமா?



தைப்பூசம் முடிந்த மறுவாரம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு. எட்டரை மணி இருக்கும். கிளைக் கூட்டத்தை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். வாசலில் ஒரு குரல்.

“தம்பி இருக்கீங்களா?”

பக்கத்துத் தோட்டத்து அக்கா. செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். வயது 58. சங்கத்தில் எனக்கு முன்பே உறுப்பினரானவர். பக்கத்தில் அவருடைய ஒரே மகன். வயது 19. ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு ஒரு வருடமாகச் சரியான வேலை இல்லாமல், பட்டணத்தில் கார் கழுவுகிற கடையில் நின்று கொண்டிருந்த பையன்.

“ஞாயித்துக்கெழம இவன் வேலைக்குப் போறான் தம்பி. வெளிநாடு. மாசம் 7,000 வெள்ளியாம். பிளேன் டிக்கெட்டையும் அவங்களே போட்டுட்டாங்களாம். வழிக்குப் புளிச்சோறு கிண்டிக் கட்டிடுவேன். வேற என்னா கட்டிக் குடுக்கணும்னு உங்ககிட்ட கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். நீங்க நாலு எடம் போயி வர்ற ஆளு.”

அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் பையனைப் பார்த்தேன்.

“கம்பெனி பேரு என்னாப்பா?”

“அங்க போனதும் சொல்வாங்களாம் மாமா.”

“வேலைக் கடிதம்?”

“வாட்ஸ்அப்புல பேசுனாங்க. கஸ்டமர் சர்வீஸ் வேல. கம்ப்யூட்டர் தெரிஞ்சா போதுமாம்.”

“எந்த ஊருல வேலை?”

“பேங்காக்ல எறங்கணும். அங்கேருந்து கார்ல கூட்டிட்டுப் போவாங்க.”

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அந்த வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். அக்காவுக்கு இன்னும் இரண்டே வருடம்தான் வேலை. 60 வயதில் ஓய்வு. வேலை ஓய்ந்தால் தோட்டத்து வீட்டையும் ஒப்படைத்துவிட வேண்டும். வெளியே ஒரு வாடகை வீடாவது பிடிக்க வேண்டுமானால் மகன் சம்பாதித்துத்தான் ஆக வேண்டும். அந்த 7,000 வெள்ளி அக்காவின் காதில் தேனாகப் பாய்ந்ததற்கு அதுதான் காரணம்.

“உட்காருங்க அக்கா. என்ன கட்டணும்னு சொல்றேன்” என்றேன். அன்று இரவு அவர்களிடம் நான் பேசியதையே இன்று உங்களிடமும் பேசுகிறேன்.

வழிக்குச் சோறு

முதலில் சோற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நம் வீட்டுப் பெண்கள் அதில் தவறு செய்வதே இல்லை.

நம் சனங்களுக்குப் பயணம் என்றால் கட்டுச்சோறு. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு லோரி கட்டிப் போன காலத்தை எண்ணிப் பாருங்கள். லோரியில் பாய் விரித்து, பிள்ளைகளை நடுவில் உட்கார வைத்து, ஓரமாகப் பெரிய அண்டா நிறையப் புளிச்சோறு. மூடியைத் திறந்ததும் நல்லெண்ணெயும் வெந்தயமும் பெருங்காயமும் கலந்து ஒரு வாசம் வரும். வாழையிலைத் துண்டில் ஒரு கரண்டி வாங்கி, கை கழுவக்கூட நேரமில்லாமல் தின்ற அந்த ருசியை எந்தக் கடைச் சாப்பாட்டிலும் நான் கண்டதில்லை.

நான் சங்க வேலையாக ஊர் ஊராகப் போகிறவன். பீடோரில் பஸ் நின்றால் கொய்யாக்காய் வாங்குவேன். தஞ்சோங் மாலிமில் இறங்கினால் சூடான பாவ் சாப்பிடுவேன். ஈப்போவில் கோப்பி, எந்த ஊர் ஒட்டுக்கடையிலும் ரொட்டி சானாய், தே தாரே. எல்லாம் சாப்பிட்டிருக்கிறேன். ஆனாலும் பயணத்துக்கு உகந்த சாப்பாடு எது என்று கேட்டால், இன்றைக்கும் புளிச்சோறும் நெத்திலிப் பொரியலும் என்றுதான் சொல்வேன்.

அது ஏன் கெட்டுப் போவதில்லை? அம்மா செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். புளியைக் கெட்டியாகக் கரைத்து, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை காய்ச்ச வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீர்ப்பதமாக இறக்கினால் சாயங்காலமே நொந்துவிடும். சோற்றை உதிரி உதிரியாக வடித்து, தாம்பாளத்தில் கொட்டி நன்றாக ஆற வைத்துத்தான் கிளற வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்க்கும். வியர்த்த சோறு நிற்காது. தேங்காய் சேர்க்கக் கூடாது. நாசி லெமாக் ருசிதான், ஆனால் அதில் தேங்காய்ப்பால் இருக்கிறது. நம் ஊர் வெக்கையில் மதியத்துக்கு மேல் தாங்காது. புளியின் புளிப்பும் எண்ணெயும்தான் சோற்றுக்குக் காவல்.

நெத்திலியைத் தனியாகப் பொரித்துத் தனிப் பொட்டலமாகக் கட்ட வேண்டும். சோற்றோடு சேர்த்தால் நமுத்துப் போகும். வாழையிலையை நெருப்பில் வாட்டி, அதில் வைத்து மடித்து, மேலே பேப்பர் சுற்றி நூல் போட்டால் முடிந்தது. எங்கள் அம்மா கடைசியில் ஒரு கரித்துண்டையும் உள்ளே செருகுவார். “மீன் வாசத்துக்குக் காத்து கருப்பு பின்னால வரும்டா” என்பார். நம்பினாலும் நம்பாவிட்டாலும் அந்தக் கரித்துண்டை நான் ஒருநாளும் தூக்கி எறிந்ததில்லை.

சோறு விஷயத்தில் இத்தனை முன்யோசனை நமக்கு. எது கெடும், எது நிற்கும், எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்றெல்லாம் யோசித்துக் கட்டுகிறோம். ஆனால் பிள்ளை போகிற வேலையைப் பற்றி இதில் கால்வாசியாவது யோசிக்கிறோமா? இதைச் சொல்கிற நானே ஒரு காலத்தில் யோசிக்காதவன்தான்.

ஐம்பது வெள்ளிக்கு வாங்கிய பாடம்

1999ஆம் ஆண்டு. நான் ஐந்தாம் படிவம் முடித்திருந்த நேரம். கீழ்ப்பேராக்கில் எங்கள் தோட்டத்தில் அப்போது பாதி கித்தா, பாதி செம்பனை. அம்மா பால்வெட்டு. விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, மங்கில் சேர்ந்த பாலை எடுத்து, காண்டா வாளியில் சுமந்து ஸ்டோருக்கு வருவார். மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் காசு இல்லை. “நீ இந்தக் காட்டுக்குள்ள வரக்கூடாதுடா” என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன ஒரே புத்திமதி.

அதற்கு முந்திய வருடம்தான் பொருளாதார நெருக்கடியில் நாடே ஆட்டம் கண்டிருந்தது. 1998இல் நாட்டின் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது. தொழிற்சாலைகளில் ஆள் குறைப்பு. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கிள்ளான் பக்கம் பேக்டரி நிறைய இருக்கிறது, போனால் வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

அம்மா இரண்டு பொட்டலம் கட்டினார். தெலுக் இந்தானில் பஸ் ஏறி, கோலாலம்பூர் புடுராயாவில் இறங்கி, வழி கேட்டு நடந்து, கிள்ளான் பஸ் பிடித்து, ஷா ஆலாம் தொழிற்பேட்டையில் போய் நின்றேன். கையில் சான்றிதழ் வைத்த ஒரு பைல், தோளில் ஒரு பை. வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். எந்த வாசலிலும் ‘ஜாவாத்தான் கோசோங்’ பலகை இல்லை. காவல்காரர்கள் தூரத்திலேயே கையை ஆட்டிவிட்டார்கள்.

மத்தியானம் ஒரு பஸ் நிறுத்தத்தில் முதல் பொட்டலத்தைப் பிரித்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் ஒருவர். நம்மவர்தான். நல்ல சட்டை, நல்ல தமிழ். “வேலை தேடி வந்தியா தம்பி? அந்தப் பேக்டரியில சூப்பர்வைசர் நம்ம ஆளு. பாரத்துக்கும் செலவுக்கும் 50 வெள்ளி குடு, நாளைக்கே உள்ள நுழைச்சிடறேன்” என்றார். என்னிடம் இருந்தது 90 வெள்ளி. கொடுத்தேன். “இங்கேயே இரு, பாரம் எடுத்துட்டு வர்றேன்” என்று போனவர்தான். ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி. நான் அந்த பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்து போனால் அவர் வந்து தேடுவாரே என்ற கவலை எனக்கு!

பொழுது சாய்ந்ததும் எதிர் வாசலில் இருந்த மலாய்க்காரக் காவலர் ஒருவர் சாலையைத் தாண்டி வந்தார். நல்ல வயதானவர். காலையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தன் பிளாஸ்க்கிலிருந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தார். நான் இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்து அவருக்குப் பாதி வைத்தேன். தின்று பார்த்துவிட்டு, “இதில் என்ன போட்டிருக்கிறது, அசாமா?” என்று கேட்டார். பிறகு மலாயில் ஒன்று சொன்னார். 26 வருடத்துக்கு மேல் ஆகியும் எனக்கு மறக்கவில்லை. “ஆள் தேவைப்படுகிற முதலாளி உனக்குச் சம்பளம் கொடுப்பான். உன்னிடம் காசு கேட்கிறவன் முதலாளி இல்லை.”

அவர் கைகாட்டிய ஒரு தொழிற்சாலையில் மூன்றாம் நாள் வேலை கிடைத்தது. பெட்டி கட்டுகிற வேலை. கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. நானும் கேட்கவில்லை. வேலை கிடைத்ததே பெரிது என்று இருந்தேன். மூன்று மாதம் கழித்து ஒருநாள், “நாளையிலிருந்து வராதே” என்றார்கள். கடைசி மாதச் சம்பளம் வரவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? நான் அங்கே வேலை செய்தேன் என்பதற்கு என் கால் வீக்கத்தைத் தவிர வேறு அத்தாட்சி கிடையாது.

வீட்டுக்குத் திரும்பினேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டார். நான் சங்கத்து வேலைக்கு வந்ததற்கு மூல காரணம் அந்த ஒரு மாதச் சம்பளம்தான் தோழர்களே.

கங்காணி இப்போது கைத்தொலைபேசியில்

இதையெல்லாம் அந்தப் பையனிடம் சொன்னேன். அவன் புத்திசாலி. உடனே மடக்கினான்.

“மாமா, உங்ககிட்ட காசு கேட்டான், ஏமாத்துனான். இவங்க என்கிட்ட ஒரு காசுகூட கேக்கலயே. டிக்கெட்டே எடுத்துக் குடுத்திருக்காங்களே.”

நியாயமான கேள்வி. அந்தக் காவலர் சொன்ன பாடம் அந்தக் காலத்துக்குச் சரி. இன்றைக்கு அது பாதிப் பாடம்தான். அன்று என்னிடமிருந்த 50 வெள்ளியைத் திருடினார்கள். இன்று ஆளையே திருடுகிறார்கள். ஆளே கையில் கிடைக்கும்போது டிக்கெட் செலவு அவர்களுக்கு ஒரு பொருட்டா?

நம் பாட்டன் பூட்டன் கதையை எண்ணிப் பாருங்கள். சஞ்சிக்கு ஆள் எடுக்கும் முறை மலாயாவில் 1910ஆம் ஆண்டோடு முடிவுக்கு வந்தது. பிறகு கங்காணி முறையே முக்கிய வழியாயிற்று. தோட்டத்துக் கங்காணி சொந்தக் கிராமத்துக்குப் போவார். நல்ல வேட்டி, விரலில் மோதிரம். “மலாயாவுல மரத்துலயே காசு” என்பார். கப்பல் செலவைப் பற்றிக் கவலைப்படாதே என்பார். அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. கட்டுச்சோற்று மூட்டையோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினவர்களில் எத்தனை பேருக்கு, தாங்கள் போகிற தோட்டத்தின் பெயர் தெரிந்திருக்கும்? 1938இல் இந்திய அரசாங்கம் செலவு கொடுத்துக் கூலிகளை அனுப்பும் முறைக்குத் தடை போட்டது. கங்காணியின் ஆள் பிடிப்பும் அதோடு நின்றது. நின்றது என்றுதான் நாமும் நினைத்தோம்.

2022ஆம் ஆண்டில் செய்தித்தாளில் நாம் படித்தது என்ன? நல்ல சம்பளம், இலவச டிக்கெட் என்ற பேச்சை நம்பிப் போன நம் நாட்டு இளைஞர்கள் பலர் கம்போடியாவிலும் மியன்மாரிலும் சிக்கிக்கொண்டார்கள். மூன்று இனத்துப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். தாய்லாந்தில் இறக்கி, காரில் ஏற்றி, எல்லை தாண்டிக் கொண்டுபோய், கடப்பிதழைப் பிடுங்கிக்கொண்டு, கட்டிடத்துக்குள் அடைத்துவிடுவார்கள். தொலைபேசியிலும் கம்ப்யூட்டரிலும் ஊராரை ஏமாற்றிக் காசு பறிக்கும் வேலை. மறுத்தால் அடி. விடச் சொன்னால் வீட்டாரிடம் பணயப் பணம். அந்தக் கும்பல்கள் இன்னும் ஒழிந்துவிடவில்லை.

நான் அந்தப் பையனைத் திட்டவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற வயதா அது? “இப்பவே அவங்களுக்கு மூணு கேள்வி அனுப்பு. கம்பெனியின் முழுப் பெயர், வேலை செய்யும் இடத்தின் முகவரி, கையெழுத்துப் போட்ட வேலைக் கடிதம். இந்த மூணும் வந்தா நானே விமான நிலையம் வரைக்கும் வர்றேன்” என்றேன்.

அவன் அனுப்பினான். கால் மணி நேரத்தில் பதில் வந்தது. ரொம்பக் கேள்வி கேட்கிறவனுக்கு இடமில்லை, உன் இடத்துக்கு வேறு ஆள் காத்திருக்கிறான் என்று இருந்தது. மறுபடியும் முகவரி கேட்டான். அதற்கு மேல் அந்த எண்ணிலிருந்து பதிலே இல்லை.

பையன் கைத்தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். 7,000 வெள்ளி போன துக்கமா, பிள்ளை தப்பித்த நிம்மதியா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

தாளையும் கட்டுங்கள்

சரி, என்னென்ன தாள் கட்ட வேண்டும்? பிள்ளைகள் வேலைக்குக் கிளம்பும் வீடுகளில் இதை வெட்டிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

1. வேலைக் கடிதம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை என்றால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். வாய்ப் பேச்சு வேண்டாம். கடிதத்தில் கம்பெனியின் பெயர், முகவரி, வேலை, சம்பளம், வேலை நேரம் எல்லாம் இருக்க வேண்டும். அதன் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

2. சம்பளக் கணக்கு. 2025 பிப்ரவரி 1ஆம் தேதி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்கும் குறைவாக வைத்திருக்கிற சின்ன முதலாளிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதல் அது கட்டாயம் ஆயிற்று. வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை. 1,700 வெள்ளியை 26ஆல் வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. எட்டு மணி நேர வேலை என்றால் மணிக்கு 8 வெள்ளி 17 காசு. மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது மணிக்கு 12 வெள்ளி 26 காசு. இந்தக் கணக்கைப் பிள்ளை மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

3. சேமநிதியும் சொக்சோவும். 1,700 வெள்ளிச் சம்பளத்தில் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 வெள்ளி. “சேமநிதி பிடிக்கல, முழுச் சம்பளத்தையும் கையில குடுத்துடறோம்” என்று சொல்கிற முதலாளி உங்களுக்கு நல்லவர் இல்லை. அவர் தன்னுடைய 221 வெள்ளியை மிச்சம் பிடிக்கிறார். சொக்சோ இல்லையென்றால் இயந்திரத்தில் கை போனால் கேட்க நாதி இருக்காது.

4. சம்பளச் சீட்டு. சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் வந்துவிட வேண்டும். தங்குமிடம், லோரி, சாப்பாடு என்று எதற்கு எவ்வளவு கழிப்பார்கள் என்பதை வேலைக்குச் சேரும் முன்பே கேளுங்கள். மாதச் சீட்டை எறியாதீர்கள். ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். அன்று என்னிடம் இல்லாதது அந்த ஒரு துண்டுத் தாள்தான்.

5. ஏஜெண்டின் உரிமம். வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டுக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசாங்க உரிமம் வேண்டும். காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். காசு செலவில்லாமல் வேலை தேட பெர்கேசோ நடத்தும் மைபியூச்சர்ஜாப்ஸ் இருக்கிறது. அதில் பதிந்துகொள்ளப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் போதும்.

6. திரும்பி வரக் காசு. இது சட்டத்தில் இல்லை. எங்கள் அம்மா சட்டத்தில் இருந்தது. பையின் அடியில் பஸ் கட்டணம் தனியாக இருக்கட்டும். திரும்பி வர வழி இருக்கிற பிள்ளையை யாரும் சுலபத்தில் அடிமையாக்க முடியாது. அடையாள அட்டையையும் கடப்பிதழையும் யாரிடமும் கொடுத்து வைக்கக் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் அநியாயம் நடந்தால் வீட்டில் உட்கார்ந்து அழ வேண்டாம். சம்பளம் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம். காரணமில்லாமல் வேலையை விட்டு நிறுத்தினால் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவுக்குப் போக வேண்டும். 61ஆம் நாள் போனால் கதவு சாத்தியிருக்கும். நாள் கடத்தாதீர்கள்.

தீபாவளிக்கு வருவானா?

அந்தப் பையன் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு வாரம் என் முகத்தைப் பார்க்காமல் சுற்றினான். மூன்றாம் வாரம் அவனே வந்தான். இணையத்தில் பதிந்திருக்கிறான். ஈப்போவில் ஒரு நேர்முகத் தேர்வு. கூட வர முடியுமா என்று கேட்டான். வாசல் வரை போனேன், உள்ளே அவனேதான் போனான்.

பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை. கடிதம் வந்தது. அன்று இரவு என் வீட்டு வாசல் விளக்கில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கடிதம் மலாயில் இருந்தது. பையன் வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னான். அடிப்படைச் சம்பளம் 1,700. தங்கும் விடுதி உண்டு. சேமநிதி, சொக்சோ உண்டு. முதல் இரண்டு ஆண்டுக்கு வருட விடுமுறை எட்டு நாள்.

அதுவரை பேசாமல் இருந்த அக்கா அப்போதுதான் வாயைத் திறந்தார்.

“தீவாளிக்கு வருவானா தம்பி?”

இதுவும் சட்டத்தில் பார்க்க வேண்டிய கேள்விதான். சம்பளத்தோடு பொது விடுமுறை வருடத்துக்கு 11 நாள். அதில் ஐந்து நாள் எல்லா முதலாளியும் கட்டாயம் கொடுக்க வேண்டியது: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மற்ற ஆறு நாள் எவை என்பதை முதலாளி முடிவு செய்து அறிவிப்பார். ஆகவே தீபாவளி தானாக வந்து சேராது. பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் தேடினோம். இருந்தது. அக்கா ஒரு பெருமூச்சு விட்டார். 1,700 வெள்ளி என்று படித்தபோதுகூட அவர் முகம் அப்படி மலரவில்லை.

7,000 எங்கே, 1,700 எங்கே? அந்தச் சம்பளத்தில் இரண்டு வருடத்துக்குள் ஒரு வீடு பிடிப்பது லேசான காரியம் இல்லை. அதை நான் மறைக்கவில்லை. நம் சங்கம் போராட வேண்டிய கணக்கு அது. ஆனால் இந்த 1,700க்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு முகவரி இருக்கிறது, தட்டிக் கேட்க ஒரு கதவு இருக்கிறது.

அவன் கிளம்பிய அன்று விடிகாலையில் அக்கா புளிச்சோறு கட்டினார். நெத்திலி தனியாக, அவித்த முட்டை இரண்டு. ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வேலைக் கடிதத்தின் நகல், என் தொலைபேசி எண், பஸ் கட்டணம். இரண்டையும் ஒரே பையில் வைத்துக் கொடுத்தார். உள்ளே கரித்துண்டு இருந்ததா என்று நான் கேட்கவில்லை. இருந்திருக்கும்.

மறுநாள் இரவு பையன் கூப்பிட்டான்.

“மாமா, சேந்துட்டேன். ரூம்ல நாலு பேரு. ஒருத்தன் கிளந்தான். பாதிச் சோத்த பஸ்ல தின்னேன். மீதிய இவனுங்க தின்னுட்டானுங்க. அடுத்த தடவ கூடுதலா கட்டச் சொல்லுங்க.”

“அதை நீயே அம்மாகிட்ட சொல்லு. முதல் மாசச் சம்பளச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு” என்றேன். அனுப்பினான். கணக்குச் சரியாக இருந்தது.

தாய்மார்களே! பிள்ளைக்குச் சோறு கட்டும்போது அது கெடுமா நிற்குமா என்று நூறு தடவை பார்க்கிறீர்கள். அந்தக் கண்ணால் வேலைக் கடிதத்தையும் ஒரு தடவை பாருங்கள். படிக்கத் தெரியவில்லையா? பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்படியும் புரியவில்லையா? தோட்டத்துச் சங்கக் கிளைச் செயலாளரிடம் கொண்டு போங்கள். அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம்.

தாளிப்பு மணக்கட்டும். தாளும் கையில் இருக்கட்டும்.